வீட்டு மின்சுற்றில் கிளை இணைப்பு

ஏற்கெனவே உள்ள வீட்டு மின்சுற்றிலிருந்து புதிய பிளக் பாயின்ட்டுக்கோ கருவிக்கோ கம்பி பிரித்து எடுப்பது கிளை இணைப்பு எனப்படும். கிளையின் தொடக்கத்திலேயே தனி உருகி (ஃபியூஸ்) வைத்தால் அது உருகியிட்ட கிளை ஆகும். இம்முறை பிரிட்டனின் வளையச் சுற்றோடு சேர்ந்து வளர்ந்தது. தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரி டெல்டா வீடுகளில் வளையச் சுற்று வழக்கத்தில் இல்லை. ஆயினும் கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் ஓடவிடாத காப்பு ஒன்று அதன் தொடக்கத்தில் இருக்க வேண்டும் என்ற விதி இங்கும் பொருந்தும்.

வளையச் சுற்று

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீடுகளுக்காக, செம்பைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நோக்குடன் பிரிட்டனில் இம்முறை பரவியது. பகிர்வுப் பெட்டியில் புறப்படும் 2.5 சதுர மி.மீ. கம்பி ஒவ்வொரு பிளக் பாயின்ட்டையும் தொட்டுச் சென்று மீண்டும் அதே பெட்டிக்குத் திரும்பும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் இரு வழிகளில் மின்சாரம் வருவதால் சுற்று முழுவதற்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி. போதுமானது.

வளையத்திலிருந்து எடுக்கும் கிளைக்கு ஒரே வழிதான் உண்டு. எனவே உருகியில்லாத கிளையில் ஒரு பிளக் பாயின்ட் (ஒற்றை அல்லது இரட்டை) மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. அதற்கு மேல் வேண்டுமானால் 13 ஆம்பியருக்கு மிகாத உருகிப் பெட்டியைக் கடந்தே கிளை செல்ல வேண்டும். 1947-இல் வெளிவந்த பிஎஸ் 1363 தரத்தின்படி ஒவ்வொரு பிளக்கின் உள்ளேயும் ஓர் உருகி இருப்பதால்தான் இந்த முறை பாதுகாப்பாக இயங்குகிறது.

இந்திய முறை

இந்தியாவில் ஐஎஸ் 1293 தரத்தின்படி 6 ஆம்பியர், 16 ஆம்பியர் ஆகிய இருவகைப் பிளக்குகள் பயன்படுகின்றன. கடைகளில் இவற்றை 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்ற பழைய பெயரால் கேட்பதும் உண்டு. இந்தப் பிளக்குகளில் உருகி இல்லை. 32 ஆம்பியர் சுற்றில் இவற்றைச் செருகினால், கருவியின் மெல்லிய கம்பி கருகிய பிறகும் எம்.சி.பி. விழாமல் இருக்கக்கூடும். ஆகவே பிரிட்டன் முறையை அப்படியே இங்கு எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கு ஒவ்வொரு சுற்றும் பகிர்வுப் பெட்டியிலிருந்து ஒரே திசையில் செல்லும். விளக்கு, மின்விசிறிச் சுற்றுக்கு 1.5 சதுர மி.மீ. கம்பியும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.யும், பவர் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மி.மீ. கம்பியும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் பெரும்பாலும் பயன்படுகின்றன.

சுமைக் கணக்கு

230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்பது 1,380 வாட். 2,000 வாட் மின் அடுப்பு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பாயின்ட்டில் செருகக் கூடாது. கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று கம்பியை மாற்றாமல் பெரிய எம்.சி.பி.யைப் பொருத்துவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

கிளை எடுக்கும் முறை

1. புதிய கருவியின் வாட் அளவும், அந்தச் சுற்றில் ஏற்கெனவே உள்ள சுமையும் கணக்கிடப்படும்.
2. நீர் சூடேற்றி, ஏசி, தண்ணீர் மோட்டார் போன்றவற்றுக்குக் கிளை எடுக்காமல் பகிர்வுப் பெட்டியிலிருந்தே தனி லைன் இழுக்கப்படும்.
3. கிளைக் கம்பி மூலச் சுற்றின் கம்பியைவிட மெல்லியதாக இருந்தால், பிரியும் இடத்திலேயே அதற்கேற்ற உருகி அல்லது எம்.சி.பி. வைக்கப்படும்.
4. மெயின் சுவிட்சை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதை பேஸ், நியூட்ரல், எர்த் ஆகியவற்றுக்கு இடையே அளவுமானியால் உறுதி செய்த பிறகே கம்பி தொடப்படும்.
5. இணைப்பு சுவருக்குள் டேப் சுற்றி மறைக்கப்படாமல், திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் இணைப்பான் கொண்டு செய்யப்படும்.
6. சுவிட்ச் பேஸ் கம்பியில் அமையும். எர்த் கம்பி கடைசிப் பாயின்ட் வரை அறுபடாமல் செல்லும்.
7. 500 வோல்ட் மெகர் கொண்டு காப்புத் தடை சோதிக்கப்படும். அது 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது.

டெல்டாவில் கவனிக்க வேண்டியவை

பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஓடும் வயரிங் இன்னும் காணப்படுகிறது. அவற்றின் விளக்குச் சுற்றுகளில் எர்த் கம்பி இல்லாமல் இருப்பதும், நியூட்ரலிலும் உருகி இருப்பதும் உண்டு. நியூட்ரல் உருகி போனால் கருவி நின்றுவிடும்; ஆனால் பேஸ் உயிரோடிருக்கும். இத்தகைய சுற்றிலிருந்து கிளை எடுப்பதைத் தவிர்த்து, புதிய லைன் இழுப்பதே சரி.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சுவரும் தரையும் ஊறிவிடும். மாட்டுக் கொட்டகைக்கும் களத்துக்கும் தற்காலிகமாக இழுக்கும் கம்பிகள் அப்போது பெரும் ஆபத்தாகின்றன. மாட்டின் முன்காலும் பின்காலும் விலகி நிற்பதால், தரையில் கசியும் மின்சாரம் அதன் உடல் வழியே எளிதில் பாயும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இத்தகைய கசிவைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் அது மிகைச் சுமையைத் தடுக்காது, அதற்கு எம்.சி.பி.யும் தேவை. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் பிற சுற்றுகளோடு கலந்தால் ஆர்.சி.சி.பி. காரணமின்றி விழுவதுபோல் தோன்றும். நியூட்ரலைப் பிரிப்பதே தீர்வு, ஆர்.சி.சி.பி.யைக் கழற்றுவது தீர்வன்று.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. இதுபோன்ற நாட்களில் ஜெனரேட்டரை வீட்டுப் பிளக் பாயின்ட்டில் செருகினால், மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பி, மின்மாற்றி வழியே உயரழுத்தமாக மாறி, கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைப் பறிக்கலாம். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாக மட்டுமே ஜெனரேட்டரை இணைக்க வேண்டும்.

சட்ட நிலை

விவசாய பம்புசெட் இணைப்பிலிருந்து வீட்டுக்குக் கிளை எடுப்பது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடாகும். வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாக, தகுதிச் சான்று பெற்ற கம்பியாளைக் கொண்டு செய்ய வேண்டும்.