கம்பியை நம்பிய வீடு

பனி என்னும் சொல்லை நாம் நன்கு அறிவோம். பெரும்பொழுது ஆறனுள் முன்பனி, பின்பனி என இரண்டினை அதற்கே ஒதுக்கிவிட்டார்கள் நம் முன்னோர். மார்கழி விடியலிற் புல்லின் நுனியில் நிற்பது பனி. ஞாயிறு எழுந்ததும் அது போய்விடும். தடிமன் பிடியாதிருக்கப் பிள்ளையின் தலையில் ஒரு துணியைக் கட்டிவிட்டாற் போதும். நம்முடைய பனிக்கு அவ்வளவே காப்பு.

கடல் கடந்து கனடாவிற் குடியேறிய நம்மவரும் இச்சொல்லையே உடன்கொண்டு சென்றார்கள். அங்கே வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுவதும் பனி. முற்றத்தில் முழங்காலளவு கிடப்பதும் பனி. ஆறு கல்லாய் இறுகிக் கிடந்தால் அதுவும் பனி. ஒரு சொல் எத்தனை பொருளைத்தான் சுமக்கும்? இவற்றுள் மிகக் கொடியது ஒன்றுண்டு. அதற்கு நம் வழக்கில் ஊன்றிய பெயர் இல்லை. உறைமழை என்று வைத்துக்கொள்வோம்.

உறைமழை நீர்த்துளியாகவே விழும். மேலே இளஞ்சூடான காற்று ஒரு படை. கீழே, தரையை ஒட்டி, உறைநிலைக்குக் குறைந்த குளிர்காற்று மற்றொரு படை. மேற்படையில் உருகிய பனி நீராய் இறங்கும். கீழ்ப்படையைக் கடக்கும் சிறுபொழுதில் அது கட்டியாகாது. கிளையிலோ கூரையிலோ கம்பியிலோ தொட்டமாத்திரத்தே கட்டியாகும். தொட்டதிற் படியும், படிந்ததன்மேல் மேலும் படியும்.

1998 ஆம் ஆண்டு ஜனவரி 5 முதல் 10 வரை கனடாவின் கியூபெக் மாகாணத்திலும், அயலில் உள்ள ஒன்ராறியோவின் கீழ்ப்பகுதியிலும் இம்மழை விட்டுவிட்டுப் பெய்தது. பெய்த நேரத்தைக் கூட்டினால் 80 மணித்தியாலத்துக்கு மேல். மொன்றியல் நகருக்குத் தெற்கே சில இடங்களில் 100 மில்லிமீற்றர் அளவுக்கு வீழ்ந்தது.

அதன் பாரம் என்ன என்பதை மாணவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு மின்கம்பி. அதனைச் சுற்றி நான்கு சென்ரிமீற்றர் தடிப்பிற் பனிக்கட்டி. ஒரு மீற்றர் நீளத்துக்கு அக்கட்டியின் நிறை ஏறக்குறைய 8 கிலோகிராம். இரு கோபுரங்களுக்கிடையே 300 மீற்றர் இருப்பின் 2,400 கிலோகிராம். ஒவ்வொரு கம்பியிலும் ஓர் இளயானை தொங்குவது போல என்க. கோபுரங்கள் தாங்குமா? ஒன்று சரிந்தது, சரியும்போது அடுத்ததையும் இழுத்துக்கொண்டே சரிந்தது. நூற்றுக்கணக்கான இரும்புக் கோபுரங்களும் பல்லாயிரம் மரத்தூண்களும் இவ்வாறு வீழ்ந்தன. கியூபெக்கில் மட்டும் ஏறக்குறைய 14 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. ஓர் இணைப்பு ஒரு குடும்பம் என்றால், அம்மாகாண மக்களிற் பாதிப்பேர் இருளில் இருந்தனர் என்பது விளங்கும். மொன்றியலுக்குத் தெற்கே சென் இயசன்ற், கிறான்பி, சென் ஜோன் என்னும் மூன்று ஊர்களுக்கிடைப்பட்ட நிலத்தை மக்கள் ‘கருமுக்கோணம்’ என்றே அழைத்தனர். அங்கே ஒரு மாதத்துக்கு மேலாகவும் விளக்கு எரியாத வீடுகள் இருந்தன.

விளக்கு எரியாமை ஒரு துன்பமா? நாம் குப்பி விளக்கிற் படித்தவர்களின் பிள்ளைகள். மண்ணெண்ணெய் இருந்தால் இரவைக் கழித்துவிடலாம் என்று எண்ணுவோம். அங்கே நிலைமை வேறு. கியூபெக் பேராறுகள் பாயும் நாடு. அணைகட்டிப் பெற்ற மின்சாரம் மலிவு. ஆதலின் வீட்டைச் சூடாக்கும் பணியையும் மிகப் பலர் மின்சாரத்திடமே ஒப்படைத்திருந்தனர். எரிவாயு உலை வைத்திருந்தோரும் தப்பவில்லை. வாயு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உலையின் சூட்டை அறைகளுக்கு ஊதும் விசிறி மின்சாரத்தில் அன்றோ சுழல்கிறது! பெற்றோல் நிலையத்தில் எண்ணெய் நிலத்தின் கீழ் நிறைய இருந்தது. மேலே இறைக்கும் பம்பி இயங்கவில்லை. வங்கியிற் பணம் இருந்தது. பணம் தரும் பொறி வாய்திறக்கவில்லை. ஜனவரி 9 ஆம் நாள் மொன்றியலின் நீர் வடிகட்டும் நிலையங்களுக்கும் மின்சாரம் நின்று, பெருநகரம் ஒன்று குடிநீரின்றித் தவிக்கும் நிலைக்கு அணித்தாக வந்தது. சூடு, நீர், உணவு, செய்தி, பணம் என ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றியவை எல்லாம் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன என்பது, கம்பி அறுந்த பின்னரே தெரிந்தது.

அந்நாளில் எவர் வீடு நிமிர்ந்து நின்றது? செல்வர் வீடு அன்று. விறகடுப்பு உள்ள வீடு நின்றது. பழைய காலத்துப் பொருள் என்று எண்ணப்பட்ட இரும்பு அடுப்பு, ஒரு மூலையிற் கிடந்தது, திடீரென்று வீட்டின் தலைமையை ஏற்றுக்கொண்டது. அதனைச் சுற்றி வீட்டாரும், அயலாரும், அயலாரின் முதியோரும் வந்து படுத்தனர். பாதிக்கப்படாத ஊர்களிலிருந்து விறகு ஏற்றிய வண்டிகள் வந்தன.

கமக்காரர் செய்தியும் கேட்கத்தக்கது. கருமுக்கோணம் பாற்பண்ணைகள் நிறைந்த நிலம். பசுவுக்கு மின்வெட்டுத் தெரியாது. வேளைக்குப் பால் கறவாவிடின் மடி கனத்து நோயுறும். கறக்கும் பொறியோ மின்சாரத்தில் இயங்குவது. மின்பிறப்பாக்கி ஒன்று வைத்திருந்தவர் தம் மாட்டைக் கறந்த பின் அதனை அடுத்த பண்ணைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது அதற்கடுத்த பண்ணைக்குப் போயிற்று. கறந்த பாலிற் பெரும்பகுதியைக் கொண்டுசெல்லவும் பதப்படுத்தவும் வழியின்றி நிலத்திற் கொட்ட நேர்ந்தது. ஆயினும் மாடுகள் பல பிழைத்தன. பூச்சர்வில் என்னும் ஊரிலோ இன்னும் ஒரு புதுமை. டீசலில் ஓடும் புகையிரத எஞ்சின் ஒன்றைத் தண்டவாளத்திலிருந்து இறக்கி, தெருவழியே ஓட்டிச் சென்று, நகரமண்டபத்தின் அருகே நிறுத்தி, அதன் மின்சாரத்தை மண்டபத்துக்குக் கொடுத்தார்கள். வண்டியை இழுக்கப் பிறந்தது ஊரைக் காத்தது.

இவ்வளவும் சொன்னால், ‘அப்படியாயின் வீட்டுக்கொரு மின்பிறப்பாக்கி வாங்கிவைத்தாற் போயிற்று’ என்று தோன்றும். இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். அந்தப் பேரிடரில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். குளிரால் மாத்திரம் அன்று. குளிருக்கு அஞ்சி மூட்டிய நெருப்பாலும் இறந்தனர். வீட்டைக் காக்க வைத்த பொறியே வீட்டாரைக் கொன்ற கதை அங்கே நிகழ்ந்தது. பின்னரும் நிகழ்ந்தது.

காரணம் காபனோரொட்சைட்டு. எண்ணெயோ கரியோ விறகோ முற்றாக எரியாதபோது பிறக்கும் வாயு அது. நிறமில்லை; மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு இதனைப் பற்றிக்கொள்ளும். தலை வலிக்கும், மயக்கம் வரும், உறக்கம் என்று எண்ணிச் சாய்ந்தவர் எழமாட்டார். புகை கண்ணைக் கரித்து எச்சரிக்கும். இது நண்பனைப்போல் அருகிருந்து கொல்லும்.

நம்மவர் இதனைத் தனியே கவனிக்கவேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. நமது அடுக்களைக்கு ஓட்டிடுக்கு உண்டு. யன்னலும் கதவும் உண்டு. சுவரின் மேல் காற்றுப்போக இடைவெளி உண்டு. அங்கே கரியடுப்பு எரிந்தால் சமையல் நடக்கும், தீங்கு பெரிதில்லை. குளிர்நாட்டு வீடோ சூடு வெளியேறாதிருக்க இடுக்கெல்லாம் அடைத்த பேழை. பழகிய கை பழகாத வீட்டிற் கரியை மூட்டினால் என்னாகும்? 2006 டிசம்பரில் அமெரிக்காவின் சியாற்றில் நகர்ப்புறத்திற் புயலால் மின்சாரம் நின்றபோது இதுவே நிகழ்ந்தது. வேற்றுநாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல, கரியடுப்பை வீட்டினுள் ஏற்றிக் குளிர்காய்ந்து நச்சுண்டன. நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலைக்குச் சென்றனர், சிலர் மீளவில்லை. எச்சரிக்கைகள் வானொலியில் வந்தன, ஆனால் ஆங்கிலத்தில். பின்னர் அந்நகரத்து நாளிதழொன்று தன் முதற்பக்கத்திலேயே பல மொழிகளில் எச்சரிக்கையை அச்சிட்டது. மொழி ஆசிரியராகிய நமக்கு இது சிந்திக்கத்தக்கது. தாய்மொழியிற் சொல்லப்படாத செய்தி, சொல்லப்படாத செய்தியே.

ஆதலின் தமிழிற் சொல்லிவைப்போம்.

மின்பிறப்பாக்கி வீட்டினுள் இயங்கலாகாது. மோட்டார் வண்டி நிறுத்தும் அறையிலும், அதன் கதவு திறந்திருந்தாலும், இயங்கலாகாது. கதவு யன்னல்களிலிருந்து ஆறு மீற்றருக்குக் குறையாத தூரத்தில், வெளியே, புகைவாய் வீட்டுக்குப் புறங்காட்டி நிற்கவேண்டும். அதன் கம்பியைச் சுவரிலுள்ள செருகியிற் செருகுதல் பெரும்பிழை. வீட்டினின்று புறப்படும் மின்சாரம் தெருவிலுள்ள மின்மாற்றியைப் பின்புறமாக அடைந்து, பல்லாயிரம் உவோற்றாகப் பெருகி, நமக்காகக் கம்பம் ஏறிநிற்கும் தொழிலாளியின் உயிரைக் கொள்ளும். வீட்டையும் தெருக்கம்பியையும் பிரிக்கும் ஆளியை, தொழில் அறிந்தவரைக் கொண்டு முன்னதாகவே பொருத்துவிக்க வேண்டும். காபனோரொட்சைட்டை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறுகருவி, மின்கலத்தில் இயங்குவது, படுக்கையறைக்கு அணித்தே இருக்கவேண்டும்.

அளவும் அறியவேண்டும். ஒருவர் தூக்கி வைக்கத்தக்க சிறு பொறிகள் பெரும்பாலும் 2 முதல் 5 கிலோவாற்று வரை தருவன. மின்சாரத்தால் ஒரு முழு வீட்டைச் சூடாக்க 10 கிலோவாற்றும் அதற்கு மேலும் வேண்டும். எனவே சிறு பொறியால் வீடு முழுவதும் சூடாகாது. வாயு உலையின் விசிறி, குளிர்சாதனப் பெட்டி, இரண்டொரு விளக்கு, தொலைபேசி என்றால் அது போதும். கூரைமேற் சூரியத் தகடு இருப்பவரும் ஒன்று அறிக: மின்கலச் சேமிப்பின்றித் தெருக்கம்பியோடு மட்டும் இணைந்த தகடு, தெருவில் மின்சாரம் நின்றதும், கம்பம் ஏறுவோரின் காப்புக்காகத் தானும் நின்றுவிடும். வெயில் எறிக்கும்; வீடு இருண்டிருக்கும்.

காசில்லாத காப்புகளும் உள. எல்லா அறைகளையும் காக்க முயலாது ஓர் அறையைக் காத்தல். அதன் வாயிலிற் கம்பளி தொங்கவிட்டு எல்லாரும் அங்கே கூடியிருத்தல். ஒரு தடித்த உடையினும் பல மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அணிதல். நீர்க்குழாய் உறைந்து வெடியாதிருக்க நீரின் தலைவாயை அடைத்துக் குழாயிலுள்ளதை வடித்துவிடுதல். குளிர்சாதனப் பெட்டியை அடிக்கடி திறவாதிருத்தல். மூடிய பெட்டி நான்கு மணித்தியாலம் உணவைக் காக்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள் காக்கும். கனேடிய அரசும் ஒவ்வொரு குடும்பமும் 72 மணித்தியாலம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஆயத்தமாயிருக்குமாறு குடிமக்களுக்குச் சொல்லிவருகிறது. உதவி வரும், ஆனால் உடனே வராது என்பதே அதன் பொருள்.

இனி, தற்சார்பு என்பதன் பொருள்தான் என்ன? 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்ததை நோக்குவோம். அம்மாநிலம் தன் மின்வலையைப் பெரும்பாலும் அயல் மாநிலங்களோடு தொடுக்காது தனியே வைத்திருந்தது. எண்ணெயும் வாயுவும் காற்றும் வெயிலும் மிக்க மண். அயலார் துணை எதற்கு என்றிருந்தது. கடுங்குளிர் வந்தது. வாயுக்கிணறுகளும் மின்னிலையங்களும் உறைந்தன. வாயுவை அமுக்கி அனுப்பும் நிலையங்கள் சிலவற்றுக்கு மின்சாரம் நின்றது. அதனால் மின்னிலையங்களுக்கு வாயு குறைந்தது. அதனால் மின்சாரம் மேலும் குறைந்தது. பெப்ரவரி 15 விடியுமுன், மாநிலத்தின் முழு வலையும் வீழ்ந்துபோக ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த காலமே இருந்தது. வீழாது காக்க இலட்சக்கணக்கான வீடுகளை வேண்டுமென்றே இருளில் விட்டார்கள். அயலிலிருந்து போதிய மின்சாரம் பெற வழி இல்லை. மாநில அரசின் கணக்கின்படியே இறந்தவர் 246 பேர். அவர்களிற் பெரும்பாலாரைக் கொன்றது குளிர்.

ரெக்சாசிடம் இருந்தது தற்சார்பு அன்று, தனிமை. கியூபெக்கிலே பண்ணைக்குப் பண்ணை பொறியைச் சுமந்து சென்றவரிடம் இருந்தது தற்சார்பு. ‘தன் கையே தனக்கு உதவி’ என்பது நம் பழமொழி. தன் கை தனக்கு உதவாதவன் பிறனுக்கு எப்படி உதவுவான் என்பதும் அதனுள் அடங்கும். அன்று அயலாரின் முதியோருக்கு இடங்கொடுத்த வீடு, தனக்கென ஓர் அடுப்பை முன்னரே வைத்திருந்த வீடு. ஒரே கம்பியை நம்பாமல் இரண்டாவது வழி ஒன்றைத் தேடிவைத்தல், அவ்வழியின் ஆபத்தை அறிந்துவைத்தல், வேண்டியபோது அதனை அயலவனோடு பகிர்தல்: இம்மூன்றும் கூடியதே தற்சார்பு.

மொன்றியலில் 1998 இலும், ரொறன்ரோவில் உறைமழையால் மூன்று இலட்சம் இணைப்புகள் அறுந்த 2013 டிசம்பரிலும், நம்மவர் பலர் அந்த இருளில் இருந்தனர். அவர்களிற் பலருக்கு இங்கே தாய் உண்டு, தமக்கை உண்டு, படிப்பித்த ஆசிரியர் உண்டு. குளிர்காலம் தொடங்குமுன் தொலைபேசியிற் பேசும்போது, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பதோடு இன்னும் ஒன்று கேட்கலாம்: ‘மின்சாரம் நின்றால் என்ன செய்வாய், தம்பி? கரியை வீட்டுக்குள் மூட்டாதே.’ அவ்வளவு தமிழ் போதும்.