டிரிம்மை நாமே இயக்கலாம்

எஸ்.எஸ்.டி.யில் நாம் ஒரு கோப்பை அழித்தாலும் அந்த இடம் காலி என்பது டிரைவுக்குத் தெரியாது. அதைச் சொல்வதுதான் டிரிம் கட்டளை. சொல்லாவிட்டால் செத்த தரவையும் டிரைவ் இடம் மாற்றி மாற்றி எழுதும். வேகம் குறையும், ஆயுளும் தேயும்.

மேக்கில் ஆப்பிள் தன் டிரைவுகளுக்கு மட்டுமே டிரிம் கொடுத்தது. வெளியில் வாங்கிய டிரைவுக்கு வேண்டுமென்றால், 2014-இல் வந்த யோசமிட்டி இயங்குதளத்தில் டிரைவர் கையொப்பச் சோதனையையே நிறுத்த வேண்டியிருந்தது. வேகத்துக்காகப் பாதுகாப்பை அடகு வைப்பது அநியாயம் என்றே நினைத்தேன்.

2015-இல் அடுத்த பதிப்பான எல் கேப்பிட்டனின் பீட்டாவில் வழி பிறந்தது. பேக்கப் எடுத்துவிட்டு, டெர்மினலில் ‘சூடோ டிரிம்ஃபோர்ஸ் எனேபிள்’ என்று அடித்தேன். தரவு சிதையலாம், முக்கியமான வேலைக்கு வேண்டாம் என்றது எச்சரிக்கை. ‘ஒய்’ தட்டினேன். ரீஸ்டார்ட்டுக்குப் பின், சிஸ்டம் ரிப்போர்ட்டின் சாட்டா பகுதியில் ‘டிரிம் சப்போர்ட்: யெஸ்’. இதைச் செய்வதானால் பேக்கப்பைத் தனி டிரைவில் வையுங்கள்.