வெயில் தள்ளும் செயற்கைக்கோள்

மைசூரிலிருந்து வடமேற்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கிறது ஹாசன். பேலூர், ஹளேபீடு சிற்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள் காபிக்கு இறங்கிவிட்டுக் கடந்துபோகும் ஊர். அங்கே சாலகாமே சாலையில் இஸ்ரோவின் முதன்மைக் கட்டுப்பாட்டு மையம் 1982 முதல் இயங்குகிறது. தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் இந்தியச் செயற்கைக்கோள்களுக்கு இரவு பகலாகக் கட்டளை போவது இங்கிருந்துதான். 2005-ல் துணைக்குப் போபாலிலும் ஒரு மையம் வந்தது.

அந்தச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கட்டளை அங்கே போய்ச்சேர நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் போதும். சிரமம் குறிபார்ப்பதில்தான். அவ்வளவு தொலைவிலிருந்து 0.2 பாகை திசை பிசகினால், ஹாசனைக் குறிவைத்த கதிர் மைசூரில் வந்து விழும். எனவே செயற்கைக்கோளின் முகம் எந்நேரமும் சரியான பக்கம் பார்த்திருக்க வேண்டும். இப்படிப் பார்க்கவைக்கும் வேலைக்குத் திசைநிலைக் கட்டுப்பாடு என்று பெயர்.

மேலே காற்றில்லை, உராய்வில்லை. ஒருமுறை திருப்பி நிறுத்திவிட்டால் அப்படியே நிற்க வேண்டியதுதானே? நிற்காது. வெயில் தள்ளும்.

ஒளிக்கு எடை இல்லை. ஆனால் பட்ட இடத்தை அது தள்ளுகிறது. பத்து சதுர மீட்டர் சூரியத் தகட்டின் மீது விழும் வெயில் மொத்தமாகத் தரும் அழுத்தம், ஓர் அரிசியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். இதற்குப் போய் யாராவது கவலைப்படுவார்களா என்று தோன்றும். ஆனால் சூரியன் ஒரே நாளில் திசை மாறிவிடுவதில்லை. ஒரே பக்கத் தள்ளல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. தடுக்க எதுவும் இல்லாத இடத்தில் இந்தச் சின்னத் தள்ளலே ஒரு டன் எடையுள்ள இயந்திரத்தையும் கவிழ்த்துவிடும்.

பெரும்பாலான செயற்கைக்கோள்களில் இந்தத் தொல்லை தானாகவே பாதி தீர்ந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் சமமான சூரியத் தகடுகள் இருப்பதால் இருபுறத் தள்ளலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்தியாவின் இன்சாட்-1 வரிசைச் செயற்கைக்கோள்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலைப் படம் என்று மூன்று வேலையையும் ஒன்றே செய்ய வேண்டும் என்பது இந்தியாவின் தேவை. வானிலைக் கருவியின் அகச்சிவப்பு உணரி, அதாவது வெப்பத்தைப் 'பார்க்கும்' பகுதி, கடுங்குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும். குளிரூட்ட மின்சாரம் வேண்டாம். இருண்ட விண்வெளியைப் பார்த்தபடி ஒரு தகடு இருந்தால் வெப்பம் தானே வெளியேறிவிடும். ஆனால் சூடான சூரியத் தகடு ஒன்று பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் அது நடக்காது. அதனால் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, மறுபக்கம் மட்டும் தகட்டை வைத்தார்கள்.

சமன் போய்விட்டது. அதை மீட்க, செயற்கைக்கோளைக் கட்டிய ஃபோர்டு ஏரோஸ்பேஸ் பொறியாளர்கள் காலியான பக்கத்தில் ஒரு நீண்ட கம்பத்தை நீட்டி, அதன் நுனியில் ஒரு சிறிய பாய் வைத்தார்கள். பெரிய தகடு அருகில், சின்னப் பாய் தொலைவில். வெயில் இரண்டையும் தள்ளும். இரண்டு திருகலும் எதிரெதிர். எரிபொருள் ஒரு துளி செலவில்லை. எனக்கு இதில் பிடித்தது, தொல்லை கொடுக்கும் வெயிலையே வேலைக்கு வைத்துக்கொண்ட குறும்புதான்.

ஆனால் பாய் விரிய வேண்டுமே! 1982 ஏப்ரல் 10 அன்று ஏவப்பட்ட இன்சாட்-1ஏவில் அது விரியவில்லை. செப்டம்பரில் அந்தச் செயற்கைக்கோள் பூமியைப் பார்க்கும் பிடியை இழந்தது, எரிபொருளும் தீர்ந்தது. ஏழாண்டு உழைக்க வேண்டியது ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று சேலஞ்சர் விண்கலத்தில் இன்சாட்-1பி போனது. அதிலும் சூரியத் தகடு விரிய அடம்பிடித்தது. ஹாசனில் இருந்தவர்கள் ஃபோர்டு பொறியாளர்களோடு சேர்ந்து போராடி, செப்டம்பர் நடுவில்தான் அதைத் திறந்தார்கள். அந்தச் செயற்கைக்கோள் தன் ஏழாண்டுகளையும் முடித்துக்கொடுத்தது.

சரி, தான் சாய்ந்திருப்பது ஒரு செயற்கைக்கோளுக்கு எப்படித் தெரியும்? பூமி உணரி என்ற கருவி சொல்கிறது. அது தேடுவது நீலக் கடலையோ மேகத்தையோ அல்ல; நமது வளிமண்டலத்தின் கரியமிலவாயு வெளிவிடும் வெப்பக் கதிரை. அந்த ஒளிர்வு பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். குளிர்ந்த வெளி முடிந்து வெப்பம் தொடங்கும் விளிம்பைக் கண்டுபிடித்துவிட்டால் பூமியின் நடு எங்கே என்று கணக்குப் போடலாம். பிசகு தெரிந்ததும், உள்ளே வேகமாகச் சுழலும் உந்தச் சக்கரத்தின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றுவார்கள். சக்கரத்தை ஒரு பக்கம் முடுக்கினால் செயற்கைக்கோளின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பும்.

சக்கரத்தின் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தொட்டால் சேர்ந்த திருகலை வெளியே கொட்ட வேண்டும். குட்டி ராக்கெட்டுகளால் கொட்டலாம், ஆனால் அதற்கு எரிபொருள் போகும். எரிபொருள் தீர்ந்தால் ஆயுள் தீர்ந்தது. அதனால் பிந்தைய இன்சாட்களில் காந்த முறுக்கி என்ற கம்பிச்சுருளையும் வைத்தார்கள். மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி, பூமியின் காந்தப்புலத்தைப் பற்றிக்கொண்டு திரும்பும். அந்த உயரத்தில் காந்தப்புலம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்குதான். அதுவே போதுமாக இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. பூமியின் நடுக்கோடு சரியான வட்டமில்லை. அதனால் இந்த உயரத்தில் செயற்கைக்கோள்கள் தாமாகவே நகர்ந்துபோய்ச் சேரும் ஈர்ப்புப் பள்ளங்கள் இரண்டு உண்டு. ஒன்று கிழக்குத் தீர்க்கரேகை 75 பாகை அருகே இருக்கிறது. மைசூரு இருப்பது சுமார் 76.6 பாகையில்! இன்சாட்-1பி நின்ற இடம் 74 பாகை. கிழக்கு மேற்காக நழுவாமல் பிடித்துவைக்க இங்கே செலவு குறைவு.

2013 ஜூலை 26 அன்று போன இன்சாட்-3டி வேலையை இன்னும் நுணுக்கமாக்கியது. அதன் கேமரா ஒரு கிலோமீட்டர் அகலத்தைப் பிரித்துப் பார்க்கும். அங்கிருந்து அது ஒரு பாகையில் 600-ல் ஒரு பங்கு. கேமராவின் கண்ணாடி அசைந்தாலே எதிர்வினையாகச் செயற்கைக்கோள் ஆடிவிடும். கண்ணாடி எப்போது எப்படி அசையும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால் அந்த ஆட்டத்தையும் ஈடுகட்டும் ஏற்பாடு இருக்கிறது. தகட்டைச் சூரியனை நோக்கித் திருப்பும் மோட்டார் வெட்டி வெட்டி நகராமல் மிகச் சிறிய படிகளில் நகரும். வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையறியும் விண்மீன் உணரியும் உண்டு.

இதிலும் ஒற்றைத் தகடுதான். ஆண்டில் பாதி நாள் சூரியன் நடுக்கோட்டுக்கு வடக்கே, பாதி நாள் தெற்கே. குளிரூட்டும் பக்கத்தில் வெயில் விழக் கூடாது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை முழுச் செயற்கைக்கோளையும் 180 பாகை திருப்பிவிட வேண்டும். பூமியைப் பார்க்கும் முகம் அப்படியே இருக்க, வடக்கும் தெற்கும், கிழக்கும் மேற்கும் இடம் மாறிக்கொள்ளும்.