சில்லறைக் காயம், மொத்த நட்டம்

வேனில் கல் பட்டுக் கடுகளவு பெயின்ட் தெறித்தால் நாம் பொருட்படுத்துவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். விற்கப் போனபோது, வாங்க வந்தவர் பொனட்டில் கொப்பளித்திருந்த இடத்தை விரலால் தட்டிப் பார்த்தே விலையைக் குறைத்தார். வெளியே கடுகாகத் தெரிந்த கறள், பெயின்டுக்கு அடியில் பரவியிருந்தது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை விரைவுபடுத்தும்.

இப்போது நானே சரிசெய்துகொள்கிறேன். முதலில் வாகனத்தின் தகட்டிலுள்ள நிற இலக்கத்தைப் பார்த்துப் பெயின்ட் வாங்குங்கள். வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு. டொயோட்டாவில் 040 ஒரு வெள்ளை, 070 முத்து வெள்ளை.

இடத்தைக் கழுவி உலர்த்தி, கறளைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். தகரம் தெரிந்தால் பிரைமர் அவசியம். பின்னர் தீக்குச்சி முனையால் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. ஒரேயடியாகத் தடிப்பாக வைத்தால் மேலே காயும், உள்ளே காயாது. கடைசியில் கிளியர். சில நாள் கழித்து 2000 இலக்க வாட்டர் பேப்பரை நனைத்து மெதுவாகத் தேய்த்து, பொலிஷ் போடுங்கள். வேலையை நிழலில் செய்யுங்கள்.

உள்ளங்கையளவு உரிந்திருந்தாலோ, கறள் தகரத்தைத் துளைத்திருந்தாலோ பெயின்ட் பாஸிடம் கொடுப்பதே இலாபம். விற்கும்போது, திருத்திய இடத்தை வாங்குபவரிடம் காட்டிவிடுங்கள். குறையை மறைத்து விற்பது நம் வியாபாரமல்ல.