குமரப்பாவின் பொருளியலும் யாழ்ப்பாணத்துக் கிணறும்

பொருளியல் என்பது விலையைப் பற்றிய நூல் என்றே பலரும் கருதுவர். விளைந்த பொருள் சந்தையில் என்ன விலைக்குப் போகின்றது, அதனால் விளைவித்தவன் பெறும் இலாபம் யாது என்று ஆராய்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகின்றது என்பது அவர்தம் எண்ணம். விலையிற் சேராத செலவும் ஒன்றுண்டு. அச்செலவைச் சுமப்பவர் யாவர் எனக் கேட்பதே பொருளியலறிஞனின் தலையாய கடமை என வற்புறுத்தியவர் ஜே. சி. குமரப்பா. கிராம வாழ்வையும் வேளாண்மையையும் அளந்தறிய அவர் வகுத்த அளவுகோல், வற்றாத ஆறு ஒன்றேனும் இன்றிக் கிணற்றை நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெரிதும் பொருந்துவதாகும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆந் திகதி தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது அவருடைய இளமைப் பெயர். இலண்டனிற் கணக்காளர் பயிற்சி பெற்றுப் பம்பாயில் அத்தொழிலைச் சிறப்புற நடத்திவந்தார். 1927இல் அமெரிக்கா சென்று சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகமும், பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் செலிக்மனின் கீழ் அரசிறையியலும் பயின்றார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்தியாவின் அரசிறையும் அந்நாட்டு மக்களின் வறுமையும் என்பதாகும். கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்த அவருக்கு, வறுமை மக்களின் சோம்பலால் வந்ததன்று, ஆள்வோர் வரி வாங்கிய முறையாலும் அதனைச் செலவிட்ட முறையாலும் வந்தது என்பது புலனாயிற்று. 1929இல் நாடு திரும்பிய அவர் சபர்மதியிற் காந்தியடிகளைக் கண்டார். அவ்வாராய்ச்சி காந்தியடிகளின் 'யங் இந்தியா' இதழிற் தொடர்ந்து வெளிவந்தது. மேனாட்டு உடையைக் களைந்து கதரணிந்த கணக்காளர், குமரப்பா என்னும் குடும்பப் பெயரையே தம் பெயராக மேற்கொண்டார்.

அவருடைய பணியை மூன்று கூறாக வகுத்துக் காணலாம். முதலாவது கற்பித்தல். குஜராத் வித்தியாபீடத்திற் பொருளியல் கற்பிக்க வந்த அவர், வகுப்பறைச் சுவர்களுக்குள் அடங்கியிருக்கவில்லை. மாணாக்கரை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவின் கிராமங்களுக்குச் சென்று, வீடு வீடாக வரவையும் செலவையும் கடனையும் கேட்டெழுதச் செய்தார். உழவனின் நிலையை அவன் முற்றத்தில் நின்று அறியவேண்டும் என்பதே அவர் கற்பித்த முதற்பாடம்.

இரண்டாவது, கற்றதை மக்களிடங் கொண்டு சேர்த்தல். 1934ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது அதனை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. வார்தாவிலுள்ள மகன்வாடியில் இருந்துகொண்டு, கைக்குத்தலரிசி, செக்கெண்ணெய், கைக்காகிதம், தேனீ வளர்த்தல் ஆகியவற்றை ஆராய்ந்தும் பயிற்றியும் பரப்பினார். பனைவெல்லம் அவருடைய தனிக் கவனத்தைப் பெற்றது. கரும்பு நல்ல நிலத்தையும் மிகுந்த நீரையும் கேட்கின்றது. பனையோ பயிரேறாத நிலத்தில் எவர் கைநீரும் வேண்டாது நின்று இனிப்பைத் தருகின்றது. ஆதலின் பனையிலிருந்து வெல்லம் பெற்றால் கரும்பு நிலம் உணவுப் பயிருக்கு மீளும் என்பது அவர் காட்டிய கணக்கு.

மூன்றாவது, நீதி. விடுதலைக்குப்பின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கி, உழுபவனுக்கே நிலம் உரியதாதல் வேண்டும் என 1949இல் அறிக்கை அளித்தார். இறுதிக் காலத்தில் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதனில் வாழ்ந்து, 1960 சனவரி 30இல், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், உலக வாழ்வை நீத்தார். 1973இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற 'சிறியதே அழகு' என்னும் பொருளுடைய ஆங்கில நூலில் ஷூமாக்கர் இவர் கருத்தை எடுத்தாண்டுள்ளார்.

சிறைவாசத்தின்போது குமரப்பா ஆங்கிலத்தில் எழுதிய நூலின் பெயர் 'நிலைபேற்றுப் பொருளாதாரம்' எனப் பொருள்படும். அதில் இயற்கைச் செல்வத்தை அவர் இருவகையாகப் பிரித்தார். நிலக்கரி, பெற்றோலியம், கனிப்பொருள் முதலியன எடுக்க எடுக்கக் குறைவன; இவை தேக்கச் செல்வம். மழை, ஆறு, காட்டின் வளர்ச்சி முதலியன ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவன; இவை ஓட்டச் செல்வம். வட்டியை உண்டு வாழ்பவனுக்கு முதல் அழிவதில்லை. முதலை உண்பவன் சிலகாலஞ் செல்வன் போலத் தோன்றிப் பின் வறியனாவான். ஓட்டச் செல்வத்தின்மேல் எழுந்த பொருளாதாரமே நிலைக்கும் என்பது அவர் முடிபு.

இனி, இவ்வளவுகோலைக் கொண்டு யாழ்ப்பாணத்துக் கிணற்றை அளந்து பார்த்தல் தகும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழையே அதன் நீர் வரவு. மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. உப்புநீரிலும் நன்னீர் இலேசானது என்பதே அதற்குக் காரணம். ஒல்லாந்தரான கைபன், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவரும் கண்ட விதிப்படி, கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும். அம்மேல்மட்டம் நிலையாக 1 அடி தாழுமாயின், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலெழும். மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாகக் காணப்படும் புத்தூர் நிலாவரைக் கிணறு இவ்வுண்மைக்குக் கண்கூடான சான்றாகும்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், மனிதனின் தோள்வலியே இறைப்புக்கு எல்லை வகுத்தது. இறைத்த நீர் இரவிலே மீண்டும் ஊறிற்று. கிணறு ஓட்டச் செல்வமாகவே இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று. துலா மிதித்தோரின் வருத்தம் ஒழிந்தது பெரும் நன்மையே. அதனை மறுப்பார் இலர். ஆயினும் வரவுக்கு மேல் இறைக்கும் அன்றே ஓட்டச் செல்வம் தேக்கச் செல்வமாக மாறிவிடுகின்றது என்பதை உணர்ந்தோர் சிலரே. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விற்ற பணம் வரவிலே பதியப்பட்டது. கிணறு உவரான நட்டம் எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை.

பசளையின் கதையும் இதுவே. முன்னோர் பனையோலையும் குழையும் தாழ்த்தும், ஆடுமாடுகளைப் பட்டியடைத்தும் செம்மண்ணுக்கு உரமூட்டினர். செயற்கைப் பசளை விளைவைப் பெருக்கியது; ஆனால் பயிர் உண்டது போக எஞ்சியது நைத்திரேற்றாகி, மெல்லிய மண்ணையும் வெடித்த கல்லையும் கடந்து கிணற்றை அடைந்தது. மலசலகூடக் குழிகளும் அதனோடு சேர்ந்தன. ஓர் இலீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வரையறை மீறப்பட்டமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியை ஏந்தும் ஆற்றலை இது குறைக்கவல்லது. பசளையிட்டுப் பயன் பெற்றவன் ஒருவன். அதன் செலவைச் சுமப்பது அயல்வீட்டுத் தொட்டிற் குழந்தை!

இங்கேதான் பொருளியல் நீதியாகின்றது. நிலத்தின்கீழ் நீர் வேலியை அறியாது. ஒருவன் கிணறு ஊரார் அனைவரின் கிணறு. சாதியின் பெயரால் நல்ல கிணற்றில் நீரள்ளும் உரிமை சிலருக்கு மறுக்கப்பட்ட காலமும் இந்நாட்டு வரலாற்றில் உண்டு. மேலே அவ்வாறு பிரிவினை செய்தோரும் விலக்கப்பட்டோரும் கீழே ஒரே நீரையே குடித்தனர்.

சுன்னாகத்திலே கழிவெண்ணெய் கலந்து கிணறுகள் கெட்டபோது இவ்வுண்மையை நாடே அறிந்தது. அங்கு இயங்கிய மின்னுற்பத்தி நிலையத்தைக் குறித்து 2015இல் தொடரப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரல் 4இல் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியைத் தழுவி, பாதிக்கப்பட்டோருக்காக 2 கோடி ரூபா வழங்குமாறு நிலையத்தை நடத்திய நிறுவனத்தைப் பணித்தது. மின்சாரத்தின் விலையில் அதுகாறும் சேராதிருந்த செலவு, நீதிமன்றத்தின் கையால் ஏட்டிலே பதியப்பட்டது எனலாம்.

எனினும் எல்லாச் செலவையும் வழக்கு மன்றத்திற் பதிய முடியாது. ஆணை ஒன்றினாலும் அது கைகூடாது. 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதியை இலங்கை அரசு திடீரெனத் தடை செய்தமையும், உழவர் தவித்து விளைவு குன்றியதனால் அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடையைத் தளர்த்தியமையும் யாவரும் அறிந்தவை. குமரப்பாவும் செயற்கைப் பசளையை விரும்பியவரல்லர். ஆனால் அவர் முறை வேறு. முதலில் அளத்தல், அடுத்து உழவனோடு உரையாடல், அதன்பின்பே மாற்றம்.

அந்த முதற்படிக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாத்தர் தாலுகாவில் வீடு வீடாகச் சென்றவர்கள் மாணாக்கரே. குடாநாட்டின் ஒவ்வொரு கல்லூரியும் தன்னைச் சூழ்ந்த கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் தை மாதத்தில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் அளந்து ஏட்டில் எழுதி வருமாயின், பத்தாண்டுகளில் ஊருக்கு ஒரு நீர்க்கணக்கு உருவாகும். எவ்வளவு இறைக்கலாம், எங்கே குளந்தூர்க்க வேண்டும், எந்த நிலத்தில் எப்பயிர் தகும் என்பவற்றை அக்கணக்கே சொல்லும். மழை முதலை அழிக்காது வட்டியை மட்டும் இறைத்துக் கொடுத்தது துலா. இயந்திரம் அறியாத அவ்வளவை இனி அறிவு வகுத்தல் வேண்டும். அதனைக் கற்பித்தல் ஆசிரியர் கடன். ஏட்டிற் பதிந்து காத்தல் மாணாக்கர் கடன்.