இறாலின் விதையில் கலங்களை இனங்காணலும் எண்ணுதலும்

புத்தளத்திலிருந்து சிலாபம் வரை ஒல்லாந்தர் கால்வாயை அண்டிப் பெருகிய இறால் பண்ணைகளை 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் சூறையாடியது. குஞ்சு பொரிப்பகங்கள் கடலில் பிடிபடும் கறுப்புப் புலி இறாலையே நம்பியிருந்தமையால், ஆணின் விந்தும் நோயைச் சுமக்குமோ என்னும் ஐயம் பொருள் பொதிந்தது.

மறு ஆண்டே தைவான் ஆய்வாளர் விடையின் ஒரு பகுதியை அளித்தனர். இந்நோயை விளைக்கும் வைரசின் மரபுப்பொருளைப் பற்றும் துணுக்குகளால் விதையை ஆய்ந்தபோது, விந்துக்குழல்களைச் சூழ்ந்த தொடுப்பிழையத்தில் வைரசு தென்பட்டது. குழல்களுக்குள் விந்தாக மாறும் கலங்களில் தென்படவில்லை. விதையை முழுதாய் அரைத்துச் சோதித்திருந்தால் இவ்வேறுபாடு மறைந்தே போயிருக்கும்.

கலத்தை இனங்காண இன்னொரு வழி பிறபொருளெதிரிச் சாயமேற்றல். 1940களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் சாயத்தைப் பிறபொருளெதிரியோடு பிணைத்து இதற்கு அடியிட்டார். இறால் இழையத்தை டேவிட்சன் திரவத்தில் இட்டு, மெழுகில் பதித்து, ஏறத்தாழ 5 மைக்கிரோமீற்றர் தடிப்பில் சீவுவர். அத்திரவத்திலுள்ள போமலின் புரதங்களைப் பிணைத்து மறைத்துவிடுவதால், சித்திரிக்கமில உப்புக்கரைசலில் சூடாக்கி அவற்றை மீள வெளிப்படுத்துவர். பின் முதற் பிறபொருளெதிரி குறித்த புரதத்தைப் பற்றும். அதைப் பற்றும் இரண்டாவது, நொதியின் துணையால் பழுப்பு நிறம் தரும். வாசா என்னும் புரதத்தைத் தேடினால் விந்தாகும் கலங்கள் ஒளியாமல் வெளிப்படும். பாலூட்டிக்கென ஆக்கிய பிறபொருளெதிரி இறாலில் பொய்யும் சொல்லலாம். இரண்டாவதே பொய் நிறம் தருகிறதா என அறிய, முதற் பிறபொருளெதிரி சேர்க்காத துண்டையும் அருகில் வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது.

எண்ணும் இடத்தில்தான் பலர் இடறுகின்றனர். பெரிய கரு அடுத்தடுத்த பல துண்டுகளிலும் வெட்டுப்படும். சிறிய கரு தப்பிவிடும். நுணுக்குக்காட்டியில் கண்டதை அப்படியே எண்ணினால் பெரிய கருவுடைய விந்துத் தாய்க்கலங்கள் மிகுந்து தோன்றும். 1984இல் 'டைசெக்டர்' முறை இதற்குத் தீர்வளித்தது. இரு இணைத் துண்டுகளை ஒப்பிட்டு, ஒன்றில் தோன்றி மற்றதில் இல்லாத கருக்களை மட்டும் எண்ணி, எண்ணிய பகுதியின் கனவளவால் வகுத்து, விதையின் கனவளவோடு பெருக்க வேண்டும்.

துண்டுகளின் தடிப்பும் இடைவெளியும் எண்ணிய முறையும் சொல்லப்படாத எண்ணிக்கை, எத்துணை அழகிய பழுப்புப் படத்தோடு வந்தாலும், ஏற்கத் தகாதது.