அளந்து கட்டும் சிறு கொட்டகை

ஓரிடத்தைச் சிறிய அளவில் முப்பரிமாணமாக அமைத்துக் காட்டும் டயோராமா கலையில், கடையில் விற்கும் தொகுப்புகளை நாடாமல் பிளாஸ்டிக் தகடு, மரச்சிம்பு, கம்பி ஆகியவற்றை வெட்டி ஒட்டியே எல்லாவற்றையும் உருவாக்கும் முறை 'ஸ்கிராட்ச் பில்டிங்' எனப்படும். இம்முறையில் போர் விமானத்தைவிட அது நிற்கும் ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை, கைத்திறனைக் கூடுதலாகச் சோதிக்கிறது.

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு விமானப்படைத் தளத்தில், முதல் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில் எழுந்த கொட்டகைகளின் கூரையை 'பெல்ஃபாஸ்ட் ட்ரஸ்' தாங்குகிறது. வில்லாய் வளைந்த மேல்சட்டத்துக்கும் நேரான கீழ்ச்சட்டத்துக்கும் இடையே சிறு மரத்துண்டுகளைக் குறுக்குமறுக்காக ஆணியடித்துப் பின்னும் இந்த அமைப்பு, பெருமரங்கள் இல்லாமலேயே அகன்ற தளத்தை மூட வழிசெய்தது. மாதிரியிலும் அதே பின்னலைச் சிம்பு சிம்பாக ஒட்டவேண்டும். எல்லாச் சட்டங்களும் ஒன்றுபோல் அமைய, முதலில் ஓர் அச்சுப்பலகை செய்துகொள்வது அவசியம்.

வரைபடம் கிடைக்காத இடங்களில் பழைய புகைப்படமே அளவுகோலாகிறது. 1938 ஆகஸ்டில் இத்தளத்தின் 19ஆம் படைப்பிரிவுக்கு வந்து சேர்ந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை அகலம் 11.23 மீட்டர், 1:48 விகிதத்தில் அது 23.4 சென்டிமீட்டராகும். கதவருகே அவ்விமானம் நிற்கும் படத்தில், தொலைவால் நேரும் வேறுபாட்டைக் கழித்துக்கொண்டால், கதவின் அகலத்தைக் கணக்கிட்டுவிடலாம். நான்கு செங்கல் வரிசை சுமார் ஓரடி உயரம் என்பதால், வரிசைகளை எண்ணியே சுவரின் உயரத்தையும் அறியலாம்.

லேசர் வெட்டும் முப்பரிமாண அச்சும் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அளக்கும் கண் மங்கிவிடும் என்பதே கவலைக்குரியது. பிறர் அளந்து தந்ததை ஒட்டுபவர், அந்த அளவு தவறானால் தவறு என்று அறியமாட்டார். டக்ஸ்ஃபோர்டின் கொட்டகைகளுள் ஒன்று 1968இல் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' திரைப்படத்தின் படப்பிடிப்புக்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இப்படி மறைந்துபோன கட்டடத்தை மீட்டுத்தர எந்த ஆயத்தத் தொகுப்பையும் நம்பியிருக்க முடியாது. படத்தைப் பார்த்து அளக்கத் தெரிந்தவரே மீட்டுத்தர முடியும்.

ஆகவே இக்கலையில் புதிதாக இறங்குவோர் கத்தியை எடுக்குமுன் அளவுகோலை எடுக்கவேண்டும். ஒரு சுவரையேனும் தாமே அளந்து, தாமே வரைந்து கட்டவேண்டும்.